சரளைக் குழிக்கு வயல் தண்ணீரா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சரளைக்கல் எடுக்கும் குழிகளுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. குழியிலிருந்து எவ்வளவு தண்ணீர் ஆவியாகிப் போகிறதோ, அதைத் தோண்டியவர் ஆற்றுக்குத் திருப்பித் தர வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் அந்த ஈடு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எனக்குச் சண்டை.

சவுத் பிளாட் ஆற்றோரம், பிரைட்டன், ஃபோர்ட் லப்டன், கிரீலி பக்கமெல்லாம் மண்ணுக்கடியில் நல்ல சரளை. நம்மூரில் மணல் அள்ளுவது போல ஆற்றுக்குள் லாரி இறங்காது. கரையோர நிலத்தில் தோண்டுவார்கள். சில அடியிலேயே நிலத்தடி நீர் தெரிந்துவிடும். சரளை தீர்ந்ததும் குழி ஏரி மாதிரி நிற்கும். பார்க்க அழகுதான், வாத்துகூட வரும். ஆனால் அந்த வறண்ட காற்றில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3 அடி நீர் ஆவியாகிவிடும். 10 ஏக்கர் குழி என்றால் வருடத்துக்கு 3 கோடியே 70 லட்சம் லிட்டர். அந்த நிலத்தடி நீர் ஆற்றோடு தொடர்புள்ளது. அதனால் இங்கே போனது அங்கே குறையும்.

கொலராடோவில் முதலில் தண்ணீர் எடுத்தவருக்கே முதல் உரிமை. 1870-களில் வாய்க்கால் வெட்டியவர்களுக்குக் கொடுத்த பிறகுதான் பின்னால் வந்தவர்களுக்கு. 1988-ல் மாநில உச்ச நீதிமன்றம், நிலத்தடி நீரைத் திறந்துவிடும் சரளைக் குழியும் கிணறுதான் என்று தீர்ப்பளித்தது. 1989-ல் வந்த சட்டம், 1980 டிசம்பர் 31-க்குப் பிறகு நீரைத் திறந்த குழிகளை ஈடுகட்டச் சொன்னது. அதற்கு முந்தைய குழிகள் தப்பித்துவிட்டன.

சரி, ஈடுகட்டத் தண்ணீர்? ஆற்றில் புதிதாக எடுக்க மிச்சமில்லை. அதனால் பாசன வாய்க்கால் கம்பெனியில் விவசாயிகள் வைத்திருக்கும் பங்குகளை வாங்குகிறார்கள்; பங்கு வைத்திருப்பவருக்குத்தான் வாய்க்கால் தண்ணீர். இதிலும் கறாரான கணக்கு உண்டு. பாய்ச்சிய நீர் முழுவதையும் மாற்ற முடியாது. பயிர் குடித்த அளவை மட்டும்தான். வயலிலிருந்து ஆற்றுக்குக் கசிந்து போன பங்கு வழக்கம்போலப் போய்ச் சேர வேண்டும், ஏனென்றால் கீழே ஒருவர் அதை நம்பிப் பயிர் வைத்திருப்பார். தண்ணீரை விற்ற நிலத்தில் பாசனம் நிற்க வேண்டும். குதிரை மசால் போட்டிருந்தால் அதன் ஆழமான வேர் நிலத்தடி நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்குமே என்று அதையும் பார்ப்பார்கள். இன்னொரு சிக்கல்: கோடையில் ஆவியானதன் பாதிப்பு ஆற்றில் தெரிய மாதக்கணக்கில் ஆகலாம். குளிர்காலத்திலும் ஈடு கொடுக்க வேண்டியிருக்கும். அப்போது பாசன வாய்க்காலில் தண்ணீர் ஓடாது. அதற்காகத் தனியே நீரைச் சேமித்து வைக்க வேண்டும்.

இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறவர்கள் ஒன்றை மட்டும் எளிதாக விட்டுவிடுகிறார்கள். சரளை சில பத்தாண்டுகளில் தீர்ந்துவிடும். குழி அப்படியே இருந்தால் ஆவியாதல் நிற்காது. அதாவது, என்றோ போட்ட சாலைக்காக ஒரு வயல் நிரந்தரமாகக் காய வேண்டும். விவசாயி விரும்பித்தானே விற்றார் என்பார்கள். விற்றார், விலையும் வாங்கினார். ஆனால் அதே வாய்க்காலில் விற்காமல் இருப்பவர் பாடு? தூர் வாரும் செலவும் மதகுச் செலவும் மிச்சமிருப்பவர்கள் தலையில் விழுந்துவிடக் கூடாதே. தெற்கே ஆர்க்கன்சா பள்ளத்தாக்கில் க்ரௌலி கவுண்டி இருக்கிறது. அங்கே தண்ணீரை வாங்கியவை நகரங்கள், குழிக்காரர்கள் அல்ல. ஆனால் பாசனம் போன ஊர் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்: 50,000 ஏக்கருக்கு மேல் பாசனம் இருந்த இடத்தில் இன்று சில ஆயிரம் ஏக்கர்தான்.

தோண்டும் காலத்துக்கு மட்டும் விவசாயியிடம் தண்ணீரைக் குத்தகைக்கு எடுக்கட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. வேலை முடிந்ததும் குழியை மூட வேண்டும், அல்லது குழியைச் சுற்றி மண்ணுக்கடியில் பாறைத்தளம் வரை, நீர் கசியவிடாத பென்டனைட் களிமண் சுவர் எழுப்பி நிலத்தடி நீரைத் தடுக்க வேண்டும். அப்படிச் சுவர் கட்டிய குழிகளை நகரங்கள் நீர்த்தேக்கமாகப் பயன்படுத்துகின்றன, அதனால் இது நடக்காத காரியம் இல்லை. சுவர் நிலத்தடி ஓட்டத்தை மறித்து, மேற்பக்கம் நீர்மட்டத்தை உயர்த்திவிடக்கூடும். அதற்கு வடிகால் போட வேண்டியிருக்கும். செலவுதான். அந்தச் செலவுக்கான பிணைத்தொகையைத் தோண்ட அனுமதி கொடுக்கும்போதே முழுசாக வாங்கிவிட வேண்டும். சரளை விலை ஏறினால் கட்டடம் கட்டுகிறவர் கொடுத்துவிட்டுப் போகட்டும்.