ஸ்வீட்வாட்டர் ஆற்றில் இறங்கிய இளைஞர்கள்: மூவரும் இல்லை, மடிந்தும் போகவில்லை

1856 நவம்பர் 4. இன்று அமெரிக்காவின் வயோமிங் மாநிலமாக உள்ள சமவெளியில் பனிக்கட்டிகள் மிதந்த ஸ்வீட்வாட்டர் ஆறு. உடைமைகளைக் கைவண்டிகளில் இழுத்தபடி யூட்டாவை நோக்கி நடந்த மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அதைக் கடக்க வேண்டியிருந்தது; அவர்களை மீட்க வந்தவர்கள் உதவினர். “பதினெட்டு வயது இளைஞர் மூவர், மார்ட்டின் கைவண்டிக் குழுவின் மார்மன் பயணிகள் அனைவரையும் தூக்கிக் கரைசேர்த்தனர், அந்தக் குளிராலேயே மூவரும் இறந்தனர்” என்ற கதை இன்றும் உலவுகிறது. இது சரியல்ல.

உதவியவர்கள் மூவருக்கும் மேல். அவர்களுள் டேவிட் கிம்பாலுக்கு அப்போது பதினேழு வயது. ஆலன் ஹன்டிங்டன் இருபதைக் கடந்தவர். பலரை அவர்கள் சுமந்தது உண்மை. ஆனால் பலர் தாமே நீரில் நடந்தனர், வேறு சிலர் வண்டிகளில் கடந்தனர்.

மரணக் கதைதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. கிம்பால் 1883 வரை வாழ்ந்தார். ஆற்றில் இறங்கியவர்களுள் ஒருவராகக் கருதப்படும் ஐரா நெபெக்கர், யூட்டாவின் ‘பேர்’ (Bear) என்ற ஏரியின் கரையிலுள்ள லேக்டவுனில் குடியேறி, நிலத்தையும் கால்நடைகளையும் நம்பிப் பிழைத்தார். அவ்வூர்ச் சபைக்குப் பல ஆண்டுகள் பிஷப்பாகவும் இருந்தார். மார்மன் பிஷப் சம்பளம் வாங்கும் குரு அல்லர். பகலில் வயலில் நின்றவரே ஊராரின் வறுமையையும் வழக்கையும் கவனிப்பார். நெபெக்கர் இறந்தது 1905இல். அவரை ஆற்றங்கரையிலேயே சாகடிக்கும் கதை, அந்த நெடிய உழைப்பு முழுவதையும் அழித்துவிடுகிறது.