மழை வைத்து ஆடுவது அழுகுணி ஆட்டம் இல்லை

போன ஞாயிறு நண்பன் வீட்டில் பெஸ் 2021 என்ற கால்பந்து வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தோம். மேட்ச் செட்டிங்ஸில் வானிலையை மழைக்கு மாற்றி, தரையையும் ஈரமாக வைத்தேன். உடனே அவன், "டேய், இது அழுகுணி ஆட்டம்டா. ஒழுங்கா வெயில்ல வை" என்றான். பல வருஷமாக இதே பேச்சைக் கேட்கிறேன். என்னால் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை.

அவன் ஆட்டம் எனக்கு மனப்பாடம். இரண்டு பக்கமும் வேகமான விங்கர்கள் (ஓரமாக ஓடித் தாக்குகிறவர்கள்), பந்து காலுக்கு வந்ததும் ஒரு த்ரூ பால், அதாவது தடுப்பாட்டக்காரர்களுக்குப் பின்னால் காலி இடத்துக்கு ஒரு பாஸ். வெயிலில் அதைத் தடுப்பது பெரும்பாடு. ஈரத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு போகும். அவன் விரல் பழக்கத்தில் அதே அளவுக்குத்தான் பட்டனை அழுத்தினான். பந்து விங்கரைத் தாண்டி நேராக என் கோல்கீப்பர் கைக்கு வந்தது. முதல் பாதியில் மட்டும் நான்கு முறை.

நான் பவர் பாரை (உதையின் பலத்தைக் காட்டும் பட்டை) பாதிக்கு மேல் ஏறவே விடவில்லை. எல்லாப் பாஸும் காலுக்கு. கோலுக்கு முன்னால் இருக்கும் பாக்ஸுக்கு வெளியே இடம் கிடைத்தால் தாழ்வாக ஒரு ஷாட். 60 நிமிஷம் தாண்டி அப்படி ஒன்று அடித்தேன். பந்து கீப்பருக்கு முன்னால் தரையில் பட்டுச் சீறியது, அவரால் பிடிக்க முடியவில்லை, தட்டித்தான் விட்டார். அந்தத் தட்டலுக்காகவே இரண்டாவது ஸ்ட்ரைக்கரை ஓட விட்டிருந்தேன். கோல். இது குருட்டு அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

குட்டிக் குட்டிப் பாஸாகக் கோத்து ஆடுகிறவர்களுக்கு மழை தோதானது, பந்து இன்னும் வேகமாக ஓடும். அவர்களுக்கு எதிராக நான் தேர்ந்தெடுப்பது நீளமான புல், காய்ந்த தரை. பந்து பாதி வழியிலேயே சோர்ந்துவிடும், இடையில் காலை விட்டு எடுத்துவிடலாம். ஆனால் நம் அணியும் அதே மாதிரி ஆடுவதாக இருந்தால் நமக்கும் அதே கதிதான். முதலில் நம் ஆட்களைப் பார்த்துவிட்டு அப்புறம் வானத்தைப் பார்க்க வேண்டும்.

நிஜக் கால்பந்தில் இது புதுசா என்ன? வேகமாகப் பாஸ் செய்யும் கிளப்புகள் ஆட்டத்துக்குச் சற்று முன்பு புல்லுக்குத் தண்ணீர் விடுகின்றன. 1974 உலகக் கோப்பையில் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த மேற்கு ஜெர்மனி - போலந்து ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டித் தீர்த்த மழையில் மைதானம் குளமாகி, தீயணைப்புப் படை பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்தது. ஆட்டமே தாமதமாகத்தான் தொடங்கியது. லாட்டோ, கடோகா என்று சிட்டாகப் பறக்கும் விங்கர்களை வைத்திருந்த அணி போலந்து. அந்தச் சேற்றில் பந்து அங்கங்கே நின்றுவிட்டது, அவர்களுடைய வேகம் எடுபடவில்லை. டிரா செய்தாலே ஜெர்மனிக்கு இறுதிப் போட்டி. கெர்ட் முல்லர் 76வது நிமிஷத்தில் ஒரு கோலும் போட்டுவிட்டார். அந்த வெற்றியை யாரும் அழித்து எழுதவில்லையே.

பெஸ் 2014இல் மழையையே எடுத்துவிட்டார்கள். அந்த வருஷம் எனக்கு எல்லா ஆட்டமும் ஒரே ஆட்டம் மாதிரி இருந்தது. 2016 பதிப்பில் பாதி ஆட்டத்தில் தூறல் தொடங்கும் வசதியோடு மழை திரும்பி வந்தபோது நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். இடைவேளையில் திட்டத்தை மாற்ற ஒரு காரணம் கிடைத்தது. அணியின் மேனேஜராக இருந்து ஆடும் ஃபுட்பால் மேனேஜர் கேம் ஆடுகிறவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். அதில் சீசன் தொடக்கத்தில் சொந்த மைதானத்தின் நீள அகலத்தையே நாம் தீர்மானிக்கலாம். குறுகலான மைதானத்தை வைத்து விங்கர்களை மூச்சுத் திணற வைப்பதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. மழைக்கு மட்டும் ஏன் இந்தப் பழி?

எதிராளிக்குத் தெரியாமல் கடைசி நொடியில் மாற்றுவது தப்பு, அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அதனால் எங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டோம். இரண்டு ஆட்டம், ஒன்று ஹோம் (சொந்த மைதானம்), ஒன்று அவே (எதிராளி மைதானம்). யாருக்கு ஹோமோ அவர் வானிலையும் புல்லும் தேர்ந்தெடுக்கலாம், அணியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

இந்த ஞாயிறு அவனுக்கு ஹோம். பனிப்பொழிவு வைக்கப் போகிறானாம், நேற்றே மெசேஜ் வந்துவிட்டது. தலையால் முட்டி கோல் போடுகிற உயரமான ஸ்ட்ரைக்கர் எந்த அணியில் நல்லவராக இருக்கிறார் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.