கழனிப் பானையில் யாரும் பிளாஸ்டிக் போட்டதில்லை

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால், மூணு நாலு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். அங்கிருந்து பிரிந்து, அரசலாற்றில் இறங்கி, எங்கள் தெரு வாய்க்காலுக்கு வர இன்னும் சில நாள் ஆகும். சின்ன வயதில் ‘முதல் தண்ணி வருதாம்’ என்று யாராவது கத்தினால் போதும், கரைக்கு ஓடுவோம். நுரையும் சருகும் முன்னால் உருண்டு வரும், பின்னாலேயே கலங்கின தண்ணி.

இப்போது முன்னால் வருவது எங்கள் தெருக் குப்பை.

போன வருஷம் கீழத்தெரு மதகில் நின்று பார்த்தேன். ஷட்டரை அடைத்துக்கொண்டு தண்ணீர் பாட்டில்கள், தெர்மாகோல் தட்டு, கறிக்கடை கறுப்புப் பை. ஊறிப்போன டயப்பர் ஒன்று தலையணை அளவுக்கு உப்பிக் கிடந்தது. கீழ வயல்காரர் ஒருத்தர் இடுப்பளவு தண்ணியில் நின்று துரட்டியால் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். “நாத்தங்காலுக்குத் தண்ணி ஏறணும்மா. இதை எடுக்காம ஏறாது” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மக்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குப்பையைப் பிரித்துப் போடுவது நமக்குப் புதுப்பாடம் இல்லை. என் மாமியார் காலத்தில் கொல்லைக் கதவோரம் ஒரு கழனிப் பானை இருக்கும். அரிசி களைந்த தண்ணி, வடிகஞ்சி, காய்த்தோல் எல்லாம் அதில். சாயங்காலம் மாடு வைத்திருக்கும் எதிர்வீட்டு அக்கா வந்து ஊற்றிக்கொண்டு போவார். மீன் கழுவின தண்ணி அதில் விழக்கூடாது. மிளகாய்க் காம்பைக்கூட மாமியார் பொறுக்கி எறிந்துவிடுவார். எந்த அதிகாரியும் வந்து வகுப்பெடுக்கவில்லை. அது எந்த மாட்டு வயிற்றுக்குப் போகிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான். தேங்காய் மட்டை அடுப்புக்குப் போனது. சாணியும் சருகும் எருக்குழியில் மக்கி, வண்டியேறி வயலுக்குப் போனது.

இப்போது தெருவுக்கு வந்திருக்கிற ஏற்பாட்டில் அந்த ஒன்றைத்தான் காணோம். நான் பிரித்துக் கொடுத்தது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது.

பச்சை வாளி, நீல வாளி வாங்கி நாலு மாசம் ஒழுங்காகப் பிரித்தேன். பால் கவரின் மூலை துண்டாக விழாமல் வெட்டி, அலசி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பேன். ஒருநாள் குப்பை எடுக்கும் பேட்டரி வண்டி பக்கத்தில் நின்றபோதுதான் பார்த்தேன், இரண்டு வாளியையும் தூய்மைப் பணியாளர் அக்கா ஒரே டிரம்மில் கவிழ்த்தார்.

“ஏங்க்கா, பிரிச்சுத்தானே கொடுத்தேன்?”

“நீ பிரிச்சுக் கொடுக்கிறே பாப்பா. முப்பது வீட்ல அப்படியே வருதே. இருக்கிற நாலு டிரம்ல ரெண்டு ஓட்டை. எட்டு மணிக்குள்ள மூணு தெரு முடிக்கணும். எங்க வச்சு நான் பிரிப்பேன், சொல்லு.”

அவர் விரலில் பழைய துணி சுற்றியிருந்தது. யாரோ மிச்ச சோற்றோடு சேர்த்துக் கட்டிப்போட்ட உடைந்த கண்ணாடி டம்ளர். கையுறை கொடுத்திருக்கிறார்களாம், நனைந்தால் வழுக்குகிறதாம். அவர்மேல் நான் எப்படிக் குறை சொல்ல? ஆனால் அன்றைக்குப் பார்த்தது நான் மட்டும் இல்லை. அடுத்த வாரமே பக்கத்து வீடுகளில் பிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு தெருமுனைத் தொட்டியையும் எடுத்தார்கள், தொட்டியில்லாத ஊர் ஆக்கப்போவதாகச் சொல்லி. எண்ணம் நல்லதுதான். ஆனால் வண்டி வருவது ஆறரைக்கு. ஐந்தரை பஸ்ஸுக்குப் போகிறவர்களும், ராத்திரி கடை சாத்திவிட்டு வருகிறவர்களும் என்ன செய்வார்கள்? தொட்டி இருந்த இடத்திலேயே பை விழுந்தது. அந்த இடம் வாய்க்கால் பாலத்தை ஒட்டி இருக்கிறது. நாய் இழுத்தாலும் காற்றடித்தாலும் வாய்க்காலுக்குள்தான் போகும்.

பெரிய திட்டம் எதுவும் நான் கேட்கவில்லை. தெருவுக்கு ஒரு சேகரிப்பு இடம் வேண்டும், அது வாய்க்கால் கரையில் இருக்கக்கூடாது. ரேஷன் கடைச் சுவரோரம், விளக்கு வெளிச்சத்தில், தகரக் கூரை போட்டு, கம்பிவலைக் கூண்டாக இருக்கட்டும். உள்ளே பாட்டில் கிடக்கிறதா எச்சில் இலை கிடக்கிறதா என்று நடந்துபோகிற எல்லார் கண்ணிலும் படும். சிமெண்ட் தொட்டிக்குள் எதைப் போட்டாலும் தெரியாது, அதனால்தான் எல்லாம் விழுகிறது. மக்கும் குப்பைக்கு அங்கே இடமே வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கு இரண்டாம் நாளே புழு வைத்துவிடும், அதை தினமும் வாசலில்தான் வாங்க வேண்டும்.

அட்டை, பாட்டில், இரும்பு, அலசின பால் கவர் எல்லாவற்றுக்கும் பழைய பேப்பர் கடையில் விலை உண்டு. சாம்பார் பட்ட அட்டையைக் கடைக்காரர் தராசில் ஏற்றமாட்டார். சிப்ஸ், பிஸ்கட் உறைகள் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டியவை, அவற்றை எந்தக் கடையும் எடுக்காது. ஈரமில்லாமல் தனியாகச் சேர்த்தால் அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகவாவது அனுப்பலாம். நாப்கினையும் டயப்பரையும் சுற்றித்தான் போட வேண்டும் என்று 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லிவிட்டார்கள். பேப்பரில் சுற்றி, மேலே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். அதைப் பிரித்துப் பார்க்கிற கை நம்மைப் போல ஒரு பெண்ணின் கை. தினம் 100 கிலோவுக்கு மேல் குப்பை சேருகிற இடங்களுக்கும் அதே விதிகளில் தனிப் பொறுப்பு கொடுத்தார்கள், முகூர்த்த நாளில் நிரம்புகிற கல்யாண மண்டபங்களிடமும் அதைக் கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் கேட்பது கூண்டின் மேல் ஒரு கரும்பலகை. இந்த வாரம் எத்தனை கிலோ விற்றது, அதில் தூய்மைப் பணியாளர்களுக்கு எவ்வளவு போனது என்று சாக்பீஸால் எழுதினால் போதும். மக்கும் குப்பையை எருவாக்குகிற நுண் உரக்கூடத்தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்துவிடுங்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நம் வீட்டுக் காய்த்தோல் எருவாகிக் கிடப்பதைக் காட்டலாம்.

வருகிற ஞாயிறு எங்கள் தெருவில் பதினோரு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வார்டு கவுன்சிலரைப் பார்க்கப் போகிறோம். ஓட்டை டிரம்களை மாற்றித் தரவும், பாலத்தடிக் குவியலைத் தண்ணீர் வருவதற்குள் அள்ளவும் கேட்கப்போகிறோம். கூண்டுக்கான இடத்தையும் அளந்து வைத்திருக்கிறோம், எட்டடிக்கு நாலடி. தெருக்காரர்கள் வர முடிந்தவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளையார் கோயில் வாசலுக்கு வந்துவிடுங்கள்.