சின்ன ஸ்கிட் தானேண்ணே!

(இடம்: மதுரையில் நாடக நடிகர் சங்கத்துப் பக்கம் ஒரு டீக்கடை. ஒருவர், புறநகர்க் காலனி ஒன்றின் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர். இன்னொருவர், கோயில் பொட்டலில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் வேஷம் கட்டியே தலை நரைத்தவர்.)

செயலாளர்: அண்ணே, வர்ற ஞாயித்துக்கிழம எங்க காலனி விழாவுல நீங்க ஒரு ஸ்கிட் பண்ணணும்.

பபூன்: நானா? இந்த வயசுல விழுந்தா யாரு தம்பி தூக்கி விடுறது?

செயலாளர்: விழவெல்லாம் வேணாம்ணே. சும்மா எட்டு நிமிஷம்.

பபூன்: எட்டு நிமிஷமா எவனாச்சும் ஸ்கிட் ஆவானா? போன வாரம் காளவாசல்ல நம்ம ஆர்மோனியக்காரரு ஸ்கிட் ஆனாரு. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஆளு அங்கிட்டு, பொட்டி இங்கிட்டு.

செயலாளர்: அது வண்டி ஸ்கிட்ண்ணே. நான் சொல்றது மேடையில.

பபூன்: மேடையில எண்ணெய ஊத்தி வச்சிருக்கீகளா?

செயலாளர்: காமெடிண்ணே! ரெண்டு பேரு வந்து, ஏதோ பேசி, சிரிக்க வச்சுட்டுப் போவாங்கள்ல, அந்தக் குட்டி நாடகம். எம்மக ஸ்கூல்ல வருஷா வருஷம் போடுறாங்க.

பபூன்: காமிக்குன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதான? அதத்தான் தெனமும் பண்ணிக்கிட்டிருக்கேன். ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியம் எடுத்ததும் மொத ஆளா வெளிய வர்றது பபூன்தான். ஒத்த ஆளா நின்னு பாடி, பேசி, படுத்துக் கெடக்குற ஊர எந்திரிச்சு உக்கார வைக்கணும். அப்புறம் டான்ஸ்காரம்மா ஆடிக்கிட்டே வரும். நானும் வருவேன். நடுமேடையில ரெண்டு பேரும் டமார்னு மோதுவோம்.

செயலாளர்: ஐயையோ! அடி பலமா?

பபூன்: இப்ப ஸ்கிட் ஆனது யாரு தம்பி? மோதுறதுதான் நாடகமே. யாரு மேல யாரு மோதுனதுன்னு ஒரு வழக்கு வரும் பாருங்க, அது போகும் ஒரு மணி நேரம். அது முடிஞ்சுதான் வள்ளி திருமணம். முருகன் வேடனா வருவாரு, வள்ளியோட தர்க்கம் பண்ணுவாரு, கல்யாணம் முடிய விடிஞ்சிரும்.

செயலாளர்: ஒரு மணி நேரமெல்லாம் தாங்காதுண்ணே. நிகழ்ச்சி நெறைய இருக்கு. (அழைப்பிதழை நீட்டுகிறார்.)

பபூன்: (கண்ணாடியை மாட்டிக்கொண்டு) வரவேற்புரை... தலைமையுரை... முன்னிலை... சிறப்புரை... வாழ்த்துரை. வாழ்த்த மட்டும் ஒம்பது பேரா? சரி, எம்பேரு எங்க?

செயலாளர்: கீழ பாருங்கண்ணே, நன்றியுரைக்கு மேல. 'ஸ்கிட்'னு இருக்கு.

பபூன்: அதா என் பேரு? எங்க நாடக நோட்டீஸ்ல ஆர்மோனியக்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் கூட பேரும் ஊரும் போட்டு, மூஞ்சியும் போடுவாய்ங்க.

செயலாளர்: அடுத்த வருஷம் போட்டுருவோம்ணே. ஒத்திகைக்கு என்னைக்கு வர்றீங்க?

பபூன்: ஒத்திகையா? புதுக்கோட்டையில இருந்து ஒருத்தர், திண்டுக்கல்லுல இருந்து ஒருத்தர்னு ஆளாளுக்குத் தனியாப் பேசிக் கூட்டியாருவாய்ங்க. அன்னைக்கு ராத்திரிதான் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாப்போம். எடுத்த பாட்டுக்கு எதிர்ப்பாட்டு அங்கனயே பாடணும். ஸ்பெஷல் நாடகம்னா சும்மாவா?

செயலாளர்: அப்ப ஸ்கிரிப்டயாவது வாட்ஸ்அப்ல அனுப்பிருங்க. கமிட்டி பாத்து ஓகே பண்ணணும்.

பபூன்: வாழ்த்துரை ஒம்பது பேரும் அனுப்பிட்டாகளா?

செயலாளர்: அவங்கள எப்படிண்ணே கேக்குறது!

(எட்டு நிமிஷக் காமெடிக்கு எழுத்து மூலம் அனுமதி, முக்கால் மணி நேரச் சிறப்புரைக்கு ஒரு கேள்வியும் கிடையாது. எந்தக் காலனிக்குப் போனாலும் இதே கதைதான்.)

செயலாளர்: டபுள் மீனிங் மட்டும் வேணாம்ணே. குடும்பமா உக்காந்திருப்பாங்க.

பபூன்: கோயில் பொட்டல்ல எங்க முன்னால உக்காந்திருக்கிறதும் குடும்பந்தான். பாட்டி, மருமக, பேத்தி எல்லாரும் பாய விரிச்சு வெள்ளன வந்துருவாக. மொதல்ல சிரிக்கிறதே பாட்டிதான். சரி, சுத்தமாப் பேசிருவோம். என்ன கதை?

செயலாளர்: மக்கும் குப்பை, மக்காத குப்பை. கடைசியில ஒரு மெசேஜ் வேணும்.

பபூன்: அதத்தான் குப்பை வண்டிக்காரவுக தெனமும் காலையில ஸ்பீக்கர்ல பாட்டாவே போடுறாகளே. யாராச்சும் பிரிச்சுப் போடுறீகளா?

செயலாளர்: ...இல்லண்ணே.

பபூன்: பாட்டுக்கே பிரியாத குப்பை, என் ஸ்கிட்டுக்குப் பிரியுமாக்கும். சரி அத விடுங்க. சம்பளம்?

செயலாளர்: (டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு) சின்ன ஸ்கிட் தானேண்ணே!

பபூன்: அதனால?

செயலாளர்: மேடையிலயே சால்வை போடுறோம். சட்டமன்ற உறுப்பினர் கையால.

பபூன்: மைக் செட்டு?

செயலாளர்: ஆறாயிரம். அட்வான்ஸ் குடுத்தாச்சு.

பபூன்: பந்தல், சேரு?

செயலாளர்: எட்டாயிரம். முன்கூட்டியே வாங்கிட்டான்ணே, கறாரான ஆளு.

பபூன்: அவருக்குச் சால்வை போடலையா?

செயலாளர்: பந்தக்காரருக்கு எதுக்குண்ணே சால்வை?

பபூன்: அதானே. அவருக்குக் கடை வாடகை இருக்கு, மளிகைக் கடன் இருக்கு. சிரிக்க வைக்கிறவன் வீட்டுல சால்வைய அவிச்சுத் தின்போம். பீரோவத் தொறந்தாச் சால்வையாக் கொட்டுது தம்பி. மதுர வெயிலுக்கு அதப் போத்திக்கிட்டு எங்கிட்டுப் போறது? ஜவுளிக்கடையில திருப்பிக் குடுத்தாலும் எடுக்க மாட்டேங்குறான்.

செயலாளர்: கலைய வளக்கணும்னுதான்ணே நாங்களும்...

பபூன்: தமிழ்ச் சங்கம் ரோட்டுல சங்கரதாஸ் சுவாமிகள் சிலை இருக்குல்ல, அவரு வளத்தாரு. 1918ல இதே மதுரையில தத்துவ மீனலோசனி வித்துவ பால சபைன்னு ஒரு நாடகக் கம்பெனிய ஆரம்பிச்சு, பயலுகளுக்கு ஆடவும் பாடவும் சொல்லிக் குடுத்தாரு. இன்னைக்கும் நாங்க பாடிப் பொழைக்கிறது அவரு எழுதுன பாட்டத்தான்.

செயலாளர்: ஸ்கிட் எதுவும் எழுதியிருக்காராண்ணே? எட்டு நிமிஷத்துல?

பபூன்: இருந்தா 1922லயே செத்துப் போன மனுஷன எழுப்பித்தான் கேக்கணும்.

(டீக்கடைக்காரர் மட்டும் சிரித்தார். அவர் யாருக்கும் சால்வை போடுவதில்லை. டீக்குக் காசு வாங்கிக்கொள்கிறார்.)

செயலாளர்: சரிண்ணே, முடிவாச் சொல்லுங்க. எம்புட்டு?

பபூன்: எனக்கு ஒண்ணு, டான்ஸ்காரம்மாவுக்கு ஒண்ணு, ஆர்மோனியத்துக்கு ஒண்ணு. மூணையும் சேத்து உங்க மைக் செட்டு ரேட்டக் குடுங்க. வெத்தல பாக்குல அட்வான்ஸ் வச்சிட்டாப் போதும், சாகுற நெலமையில இருந்தாலும் வந்து நிப்போம்.

செயலாளர்: நானா ஒண்ணும் சொல்ல முடியாதுண்ணே. கமிட்டியக் கூட்டணும்.

பபூன்: எத்தன பேரு கமிட்டி?

செயலாளர்: பதினேழு.

பபூன்: வள்ளி திருமணத்துக்கே எங்களுக்கு இம்புட்டு ஆளு வேண்டியதில்லையே! என்ன பேசுவாக?

செயலாளர்: பாதிப் பேரு ஸ்கிட் வேணும்பாங்க, பாதிப் பேரு ஆர்கெஸ்ட்ரா வைப்போம்பாங்க. தலைவரும் பொருளாளரும் ஒருத்தர ஒருத்தர் வஞ்சுக்கிட்டு எந்திரிச்சுப் போவாங்க. சமாதானம் பண்ணிக் கூட்டியார நடுராத்திரி ஆயிரும்.

பபூன்: ஒத்திகை பாக்குறதுண்டா?

செயலாளர்: கமிட்டி மீட்டிங்குக்கு ஒத்திகையாண்ணே?

பபூன்: பின்ன என்ன தம்பி, ஞாயித்துக்கிழம அந்தப் பதினேழு பேரையும் மேடையில ஏத்தி விட்டுருங்க. நான் பாயோட வந்து முன்னால உக்காந்துக்கிறேன்.