ஊசி போட்டும் காணை வருதுன்னு சொல்றவங்களுக்கு

போன ஐப்பசி மழையில எங்க வீட்டு ஜெர்சி மாட்டுக்கு காணை, அதான் கோமாரி, வந்துச்சு. குறிஞ்சிப்பாடி பக்கம் அப்ப தெருவுக்கு நாலு மாடு இப்படித்தான். காலைல அம்மா கறக்கப் போனா மாடு சப்பு சப்புன்னு வாயை மென்னுக்கிட்டு நிக்குது, எச்சில் நூல் மாதிரி தரை வரைக்கும் தொங்குது, நாக்கைப் புடிச்சுப் பாத்தா மேல்தோல் கையோட வந்துடுச்சு. நாலாம் நாள் கன்னுக்குட்டி பால் ஊட்டிக்கிட்டே இருந்துச்சு, பொத்துனு விழுந்துச்சு, அவ்ளோதான். கன்னுங்களுக்கு இது நேரா இதயத்துல பூந்துடும்னு டாக்டர் சொன்னாரு.

டீக்கடையில உடனே "ஊசியில தண்ணிய ஏத்திப் போடறானுங்கப்பா"ன்னு ஆரம்பிச்சிட்டாங்க. எனக்கு வாய் தொறக்க முடியல, ஏன்னா தடுப்பூசி கேம்ப் வந்த அன்னிக்கு ஊசி போட்டா ரெண்டு நாள் பால் கொறையும்னு அம்மா மாட்டை ஓட்டிப்போய் கொல்லையில கட்டிட்டாங்க. தெருவுல பாதிப் பேரு அதான் பண்ணாங்க.

சரி, ஊசி போட்ட எதிர்வீட்டு மாட்டுக்கும் லேசா வந்துச்சேன்னா, அதுக்கு ஊசி போட்டு எட்டு மாசம் ஆயிடுச்சு, ஆறு மாசத்துக்கு ஒருக்கா போடணும். அரைகொறை எதிர்ப்புச் சக்தி இருக்கற ஒடம்புதான் இந்த வைரஸுக்கு நல்ல பள்ளிக்கூடம். இது ஆர்என்ஏ வைரஸ், அதாவது இதோட மரபுக் குறிப்பு ஆர்என்ஏங்கற பொருள்ல எழுதியிருக்கு, மொத்தம் 8,000 சொச்சம் எழுத்துதான், காப்பி எடுக்கும்போது தப்பு விழுந்தா திருத்த ஆளே கெடையாது, காப்பிக்கு ஒரு தப்புன்னு வச்சுக்கோங்க. அப்போ ஒரு மாட்டுக்குள்ள ஓடறது ஒரே வைரஸ் இல்ல, ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் கொஞ்சம் மாறின ஒரு பெருங்கும்பல். முக்காவாசி உருப்படாம சாவும். ஆனா எதிர்ப்புச் சக்தி வந்து புடிக்கற அந்த மேலோட்டுல ஏதோ ஒண்ணு மாறி நழுவிடுச்சுன்னா அதோட வம்சம்தான் அடுத்த மாட்டுக்குப் போவும். புண்ணு ஆறின மாட்டுலயும் சிலதுக்கு தொண்டையில மாசக்கணக்கா ஒக்காந்திருக்கும், அங்கயும் மாறிக்கிட்டேதான் இருக்கும்.

இந்த வைரஸ்ல ஏழு ரகம், ஒண்ணுக்குப் போட்ட ஊசி இன்னொண்ணுக்கு ஒதவாது. நம்ம ஊசியில ஓ, ஏ, ஏசியா 1 மூணும் இருக்கு. சி ரகம்னு ஒண்ணு இருந்துச்சு, 2004க்கு அப்புறம் உலகத்துல எங்கயும் கண்ணுல படல. அடக்க முடியாத பேய் ஒண்ணும் இல்ல இது.

போன வாரம் கேம்ப் வந்துச்சு. அம்மாவே மூக்கணாங்கயிற புடிச்சுக்கிட்டு நின்னாங்க. மறுநாள் அரை லிட்டர் கொறஞ்சதுக்கு இன்னிக்கு வரைக்கும் என்னைத்தான் திட்டுறாங்க.