வீட்டில் என்ன பிராணி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை

மகளுக்கு ஒன்பது வயது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், அதாவது நுரையீரலில் பசை போன்ற சளி தேங்கும் பிறவி நோய். மூன்று வயதில் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை நுரையீரல் மருத்துவரிடம் போகிறோம். எடை, உயரம், ஊதிப் பார்க்கும் சோதனை, சளி கல்ச்சர், எந்த மருந்து எத்தனை வேளை, பள்ளிக்கு எத்தனை நாள் போகவில்லை, இரவில் இருமலால் விழித்தாளா என்று எல்லாம் கேட்பார்கள். இந்த ஆறு வருடத்தில் "வீட்டில் நாய், பூனை, பறவை ஏதாவது வளர்க்கிறீர்களா?" என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுப் பிராணிக்கும் அவள் நுரையீரலுக்கும் உள்ள தொடர்பை முதலில் கவனித்தவர் ஒரு கால்நடை மருத்துவர்.

எங்கள் நாய்க்குத் தடுப்பு மருந்து போட அழைத்துப் போயிருந்தோம். மகள்தான் அதன் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ஒரு சின்னக் குழாயில் மருந்தை எடுத்து நாயின் மூக்கருகே கொண்டுபோனார். அந்த நேரம் பார்த்து மகள் இருமினாள். அவளுடைய இருமலைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது சாதாரணச் சளி இருமல் போல இருக்காது. அவர் கை அப்படியே நின்றது.

"பாப்பாவுக்கு எத்தனை நாளா இருமல்?"

"அவளுக்கு எப்பவும் இருக்கும் டாக்டர். நுரையீரல்ல பிரச்சினை."

குழாயைத் தட்டில் திரும்ப வைத்தார். "பாப்பாவைக் கூட்டிட்டுப் போய் வெளியில உட்கார வைங்கம்மா. இந்த மருந்து வேண்டாம். ஊசியா ஒண்ணு இருக்கு, அதைப் போட்டுக்கலாம்."

அது கென்னல் காஃப் எனப்படும் நாய் இருமலுக்கான தடுப்பு மருந்து. அந்த இருமலை உண்டாக்கும் கிருமிகளில் முக்கியமானது போர்டெடெல்லா பிராங்கிசெப்டிகா. குழந்தைகளுக்குக் கக்குவான் இருமலைத் தரும் கிருமியின் நெருங்கிய உறவு. மூக்கில் விடும் மருந்தில் இருப்பது செத்த கிருமி கிடையாது. வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி. நாயின் மூக்கில் விட்டதும் அது தும்மும், தலையை உதறும். எதிரில் குழந்தையின் முகம் இருந்தால் அத்தனையும் அந்த முகத்தில்தான் தெறிக்கும். அதற்குப் பிறகும் சில வாரங்கள் வரை அந்த நாய் மூக்கு வழியாகவும் எச்சில் வழியாகவும் கிருமியை வெளியே விட்டுக்கொண்டிருக்கலாம். நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் விலகியிருக்க வேண்டும் என்று இப்படிப்பட்ட மருந்துகளின் குறிப்புத்தாளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அந்தத் தாளை நாய் வளர்ப்பவர்களில் எத்தனை பேர் பார்த்திருப்போம்?

ஆரோக்கியமான பிள்ளைக்கு இதனால் பெரும்பாலும் எதுவும் ஆகாது. நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் மெல்லிய ஈரப் படலமும் அதன் கீழே நுண்ணிய மயிரிழைகளும் இருக்கின்றன. உள்ளே போகும் தூசியையும் கிருமியையும் அவை இடைவிடாமல் மேலே தள்ளி வெளியேற்றுகின்றன. என் மகளுக்கு அந்த ஈரப் படலம் பசை போல இருக்கிறது. உப்பும் நீரும் செல்களுக்குள் போய்வரும் வழியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் கோளாறு. 1989-ல் கண்டுபிடிக்கப்பட்ட மரபணு அது. பிராங்கியெக்டேசிஸ் உள்ள பிள்ளைகளுக்கு மூச்சுக்குழாயே விரிந்து தளர்ந்திருக்கும், அங்கே சளி தேங்கும். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே அந்த மயிரிழைகள் சரியாக அசைவதில்லை. குறைமாதத்தில் பிறந்து நீண்ட நாள் ஆக்சிஜனில் இருந்த குழந்தைகளின் நுரையீரலும் பலவீனமானது. காரணம் எதுவானாலும் உள்ளே போன கிருமி வெளியே வராமல் தங்கிவிடுகிறது. மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு நாளில் கழுவிப் போகிற ஒன்று இவர்களிடம் குடியேறிவிடலாம். நாயின் இருமல் கிருமி சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களின் சளியில் கண்டறியப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

இதை வீட்டில் சொன்ன அன்றே, "முதல்ல அந்த நாயைக் கொண்டுபோய் யார்கிட்டயாவது குடுத்துடு" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அன்புதான் பேச வைக்கிறது என்று தெரியும். ஆனால் என் மகளின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். காலையில் மருந்தைப் புகைபோல் மூச்சில் இழுக்க வைக்கும் நெபுலைசர், பிறகு முதுகில் தட்டிச் சளி எடுக்கும் பயிற்சி, மாத்திரைகள், மாலையில் மறுபடியும் அதே. தன்னைப் போலவே நோயுள்ள இன்னொரு பிள்ளையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடக்கூட முடியாது. ஒருவர் நுரையீரலில் உள்ள கிருமி மற்றவருக்குப் போய்விடும் என்பதால் இந்தக் குழந்தைகளைத் தள்ளியே வைத்திருக்கச் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு குழந்தைக்கு அந்த நாய் யார் என்று எனக்குத் தெரியும். முற்றத்தில் அதைத் துரத்திக்கொண்டு அவள் ஓடும் ஓட்டம், எந்தப் பயிற்சியாளர் சொல்லியும் ஓடாத ஓட்டம். ஓடினால் சளி இளகும்.

பாதுகாப்புக்காக நாயை விரட்டச் சொல்பவர் அதே வீட்டில் புகை பிடிப்பவராக இருந்தால் எனக்குக் கோபம் வருகிறது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நோய் திடீரென்று முற்றுவதற்கு அடிக்கடி காரணமாவது மனிதர்களிடமிருந்து தொற்றும் சளி, காய்ச்சல் வைரஸ்கள்தான். மூக்கொழுகிக்கொண்டு வந்து கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சும் விருந்தாளி, எங்கள் நாயைவிட அவளுக்கு ஆபத்தானவர்.

மறுபக்கமும் ஒரு தவறு நடக்கிறது. "நாய் இருந்தா ஆஸ்துமா வராதாம், ஆராய்ச்சியிலயே சொல்லியிருக்காங்க" என்று எனக்கு அனுப்பாதவர் இல்லை. அது சுவீடனில் நடத்தப்பட்டு 2015-ல் வெளிவந்த பெரிய ஆய்வு. பிறந்த முதல் வருடத்தில் வீட்டில் நாய் இருந்த குழந்தைகளுக்குப் பள்ளி வயதில் ஆஸ்துமா வரும் வாய்ப்பு ஏறக்குறைய 13 சதவீதம் குறைவாக இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் அது நோய் வருமா வராதா என்ற கணக்கு. ஏற்கெனவே சேதமான நுரையீரலோடு இருக்கும் குழந்தைக்கு அதிலிருந்து ஒரு ஆறுதலும் எடுக்க முடியாது.

அதனால் "பிராணி வளர்க்கலாமா கூடாதா" என்ற கேள்வியே எனக்கு உதவவில்லை. எந்தப் பிராணி, அது எங்கே தூங்குகிறது, அதன் கழிவை யார் அள்ளுகிறார்கள் என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் தெளிவு வந்தது.

பறவைகளைப் பற்றி நான் தயங்காமல் பேசுவேன். வேண்டாம். கிளி, லவ் பேர்ட்ஸ், காக்கட்டீல், புறா எல்லாவற்றிலும் கிளமிடியா சிட்டாசி என்ற கிருமி இருக்கலாம். பறவை பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும், ஆனால் எச்சத்தில் கிருமி வரும். எச்சம் காய்ந்து தூளாகிக் காற்றில் கலந்து மூச்சோடு உள்ளே போகும். 1929-30-ல் விற்பனைக்காக ஏற்றுமதியான கிளிகளோடு சேர்ந்து இந்த நோய் பல நாடுகளுக்குப் பரவிப் பலரைக் கொன்றது. கிருமி உள்ளே போய் பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினான்கு நாளில் காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல், நிமோனியா. என்னைப் பயமுறுத்துவது அடுத்த விஷயம்: நிமோனியாவுக்கு வழக்கமாக முதலில் கொடுக்கும் பெனிசிலின் வகை மருந்துகளுக்கு இது சரியாக அடங்காது. டாக்சிசைக்ளின் போன்ற வேறு வகை வேண்டும். வீட்டில் கிளி இருக்கிறது என்று தெரிந்தால் மருத்துவர் அதை யோசிப்பார். தெரியாவிட்டால் ஏன் யோசிக்கப் போகிறார்? கிருமியே இல்லாவிட்டாலும், இறகுத் தூளும் எச்சத் தூசியும் சிலருக்கு ஒவ்வாமையாகி நுரையீரலையே வீங்க வைக்கும். அது நாளடைவில் தழும்பாகவும் மாறலாம். என் தம்பி அவளுடைய பிறந்தநாளுக்கு ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கித் தருகிறேன் என்றான். வேண்டாம்டா என்றேன். அவனுக்கு வருத்தம்தான்.

கூண்டில் வளர்க்கும் எலி போன்ற சின்னப் பிராணியான கினிபிக் பற்றி நான் அறிந்தது தற்செயலாகத்தான். மூக்கைச் சுருக்கிக்கொண்டு அத்தனை சாதுவாக இருக்கிறதே என்று நினைத்திருந்தேன். நாயின் இருமல் கிருமி அதனிடமும் இருக்கலாம். கிளமிடியாவில் அதற்கென்றே தனி வகை ஒன்று உண்டு. அது மனிதர்களுக்குக் கடுமையான நிமோனியாவை உண்டாக்கியதை 2017-ல் நெதர்லாந்து மருத்துவர்கள் எழுதினார்கள். அதோடு கூண்டில் விரிக்கும் வைக்கோல். ஈரமான வைக்கோலில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை சீக்கிரம் வளரும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாயில் அந்தப் பூஞ்சைக்கு எதிராக ஒவ்வாமை ஏற்பட்டு நோய் மோசமாவது நன்றாக அறியப்பட்ட ஒன்று. எந்தப் பிராணிக்காக இருந்தாலும் வைக்கோலை உதறும் வேலை இந்தக் குழந்தைகளுடையது அல்ல.

ஆமை, பல்லி வகைகளை வளர்ப்பதில் உள்ள ஆபத்து சால்மொனெல்லா. நுரையீரலை நேரடியாகத் தாக்குவதைவிட வயிற்றைத்தான் கெடுக்கும். ஆனால் எடை கூட்டவே போராடும் குழந்தைக்கு ஒரு வார வயிற்றுப்போக்கு சின்ன விஷயமில்லை. அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்கக் கூடாது என்று 1975-லேயே தடை போட்டது குழந்தைகளுக்காகத்தான்.

மீன்தொட்டியைப் பெரும்பாலானவர்கள் பாதுகாப்பானது என்று நினைக்கிறார்கள். முடி இல்லை, எச்சில் இல்லை என்பது சரி. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய எதிரியான சூடோமோனாஸ் ஈரத்தில் வாழும் கிருமி. தொட்டி நீரிலும் வடிகட்டியின் வழவழப்பிலும் அது இருக்கலாம். காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகளும் இருக்கலாம். தொட்டி வேண்டுமென்றால் கூடத்தில் இருக்கட்டும், பிள்ளை படுக்கும் அறையில் வேண்டாம். தண்ணீர் மாற்றுவது பெரியவர்கள் வேலை. ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: மீன்தொட்டி வடிகட்டியை அலசும் சிங்க்கிலேயே நெபுலைசர் கிண்ணத்தைக் கழுவாதீர்கள். நான் ஒரு காலத்தில் நாயின் தண்ணீர்க் கிண்ணத்தையும் அவளுடைய நெபுலைசர் கிண்ணத்தையும் ஒரே ஸ்பான்ஜால் தேய்த்தவள். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

பூனை வைத்திருக்கும் அம்மாக்கள் அடிக்கடி கேட்பதால் இதையும் சொல்கிறேன். பூனையின் வாயில் பாஸ்சுரெல்லா என்ற கிருமி சர்வசாதாரணமாக இருக்கும். நக்கினால், கடித்தால், நெபுலைசர் முகமூடியில் வாய் வைத்தால் அது பிள்ளையை அடையலாம். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு அது நெஞ்சுத் தொற்றை உண்டாக்கியிருக்கிறது. பிள்ளைக்குப் பூனை ஒவ்வாமை இருக்கிறது என்று சோதனையில் தெரிந்தால், பூனையை வேறிடம் அனுப்பிய மறுநாளே சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்த ஒவ்வாமைப் புரதம் மெத்தையிலும் திரையிலும் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இருக்கும்.

கிருமி பிராணியிடமிருந்து குழந்தைக்கு மட்டும்தான் போகும் என்று நினைத்திருந்தேன். இங்கிலாந்தில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள ஒருவரின் நுரையீரலில் இருந்த, லிவர்பூலின் பெயரால் அழைக்கப்படும் சூடோமோனாஸ் வகை, அவர் வளர்த்த பூனைக்குத் தொற்றியதை மருத்துவர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. எங்கள் நாயைப் பற்றி அன்றுதான் முதன்முதலாக வேறு விதமாகக் கவலைப்பட்டேன்.

அந்த நாய் இப்போதும் எங்களோடுதான் இருக்கிறது. படுக்கையறைக்குள் வராது. முகத்தை நக்க விடுவதில்லை. நெபுலைசர் ஓடும் அரை மணி நேரமும் கதவு மூடியிருக்கும், அது வெளியே படுத்துக்கொண்டு காத்திருக்கும். விளையாடி முடித்ததும் மகள் கை கழுவுகிறாள், நான் சொல்லாமலே. அதற்கு இருமல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போகிறோம், மகளை அழைத்துப் போவதில்லை. பச்சை இறைச்சி போடுவதில்லை. புதிதாக ஒரு குட்டி வேண்டும் என்று அவள் கேட்டபோது மறுத்தேன். குட்டிகளுக்குத்தான் தொற்றுகள் அதிகம்.

போன மாதம் நுரையீரல் மருத்துவரிடம் போனபோது நானே சொன்னேன். "வீட்ல ஒரு நாய் இருக்கு டாக்டர். மூக்குல விடுற தடுப்பு மருந்து போடல, ஊசிதான் போட்டோம்." அவர் பேனாவை எடுத்துக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "மத்த பேஷண்ட்ஸ்கிட்டயும் நான் இதைக் கேட்கணும்" என்றார்.

உங்கள் பிள்ளையின் கோப்பில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று அடுத்த முறை போகும்போது பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள், பிராணியின் பெயரோடு. கால்நடை மருத்துவரிடமும் மேசையில் நாயை ஏற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், வீட்டில் நுரையீரல் நோய் உள்ள பிள்ளை இருக்கிறது என்று. எங்களுக்கு அன்று அவளுடைய இருமல்தான் அதைச் சொன்னது.