சைலன்ட் நைட்: பாதி வேகத்தில் பாதிப் பாட்டு

டிசம்பர் பிறந்தால் போதும், "சைலன்ட் நைட் என்ற கிறிஸ்துமஸ் பாட்டுக்கு இவ்வளவு புகழ் எதற்கு?" என்று ஒரு பதிவாவது கண்ணில் பட்டுவிடும். இழுவை, தூக்கம் வருகிறது, மொத்தமே மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்), குழந்தையைத் தொட்டிலில் போட்டு ஆட்டுகிற பாட்டு என்பார்கள். உடனே எதிர்த்தரப்பு எலிக் கதையைத் தூக்கிக்கொண்டு வரும்: கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கோவில் ஆர்கனின் துருத்தியை எலி கடித்துவிட்டது, ஆர்கன் ஒலிக்கவில்லை, பாதிரியார் பனியில் நடந்தார், அன்று ராத்திரியே பாட்டு பிறந்தது.

இழுவை என்பவர்கள் கேட்டது இழுவையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த இழுப்பு நாம் சேர்த்தது. எலியை விடுங்கள், எலிக்கு எந்தச் சாட்சியும் இல்லை.

தெரிந்த வரலாறு சின்னது. யோசெஃப் மோர் என்ற உதவிக் குருவானவர் 1816-இல் இன்றைய ஆஸ்திரியாவில் மரியாப்ஃபார் என்ற மலையூரில் ஆறு சரணக் கவிதையாக இதை எழுதினார். இரண்டு வருடம் அது அப்படியே கிடந்தது. 1818 டிசம்பர் 24 அன்று, சால்ஸ்பர்க் பக்கத்து ஓபர்ன்டார்ஃபில், அதை ஃபிரான்ஸ் சேவர் குரூபரிடம் கொடுத்து மெட்டுப் போடச் சொன்னார். குரூபர் அடுத்த ஊரான ஆர்ன்ஸ்டார்ஃபில் பள்ளிக்கூட வாத்தியார். ஓபர்ன்டார்ஃபில் ஆர்கனும் வாசித்தார். அவர் 1854-இல் தன் கையாலேயே எழுதிவைத்த குறிப்பு இருக்கிறது. இரண்டு தனிக்குரல், கூட ஒரு கொயர் (பாடகர் குழு), துணைக்கு கிட்டார், இப்படி மெட்டமைக்கச் சொன்னார் மோர் என்கிறது அது. ஆர்கன் பழுதானது பற்றிக்கூட அதில் ஒரு சொல் கிடையாது. அந்தக் குறிப்பை எழுதவேண்டி வந்ததே, பாட்டு மிகயில் ஹைடன் என்ற இசையமைப்பாளருடையதா என்று பெர்லின் அரசவையிலிருந்து விசாரித்ததால்தான். 36 வருடத்தில் மெட்டுப் போட்டவர் பெயரே மறந்துபோயிருந்தது. ஆர்கன் செய்கிற கார்ல் மௌராகர் பாட்டைத் தன் ஊர்ப்பக்கமான சில்லர்தாலுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து ஷ்ட்ராசர், ரைனர் ஆகிய பாட்டுக் குடும்பங்கள் ஊர் ஊராகப் பரப்பின. 1839-இல் நியூயார்க் வரை போய்விட்டது. வாய்வழியாகப் போனதில் மெட்டும் சில இடங்களில் மாறியது.

மோர் கைப்பட எழுதிய பிரதி ஒன்று 1995-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. கவிதைக்கு 1816 என்று வருடம் போட்டிருப்பது அதில்தான். சுருதி டி மேஜர், நம் கணக்கில் 2 கட்டை. 6/8 தாளம். இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டால் பாட்டின் கெட்டிக்காரத்தனம் தெரியத் தொடங்கும்.

முதலில் மெட்டு. ஒரு சரணத்துக்கு மொத்தம் 12 பார் (ஒரு தாளச் சுற்று ஒரு பார்). மேஜர் ஸ்கேலுக்கு இணையான நம் சங்கராபரணச் சுரத்தில் சொன்னால், முதல் இரண்டு பார் "ப த ப க, ப த ப க". மூன்று, நான்கில் மேல் ஸ்தாயிக்குப் போய் "ரி ரி நி, ச ச ப". ஐந்திலிருந்து எட்டு வரை "த த ச நி த, ப த ப க" இரண்டு தடவை. ஒன்பதில் "ரி ரி ம ரி நி", பத்தில் "ச க", எல்லாம் மேல் ஸ்தாயி ஒட்டி. பதினொன்றில் "ச ப க ப ம ரி" என்று படியிறங்கி, பன்னிரண்டில் கீழ் "ச".

இதில் ஒன்றைக் கவனியுங்கள். முதல் பத்து பாரில் பாட்டு நடு ஸ்தாயி காந்தாரத்துக்கு (க) கீழே ஒரு தடவைகூட இறங்கவில்லை. கீழ் ம, ரி, ச மூன்றையும் குரூபர் எடுத்துப் பதுக்கிவைத்திருக்கிறார். ஆங்கிலப் பாட்டின் கடைசி அடியில் "ஹெவன்லி பீஸ்" என்று இரண்டாம் தடவை வரும்போதுதான் அவை வரிசையாக வெளியே வருகின்றன. உச்சமான மேல் மத்திமமும் (ம) சரணத்துக்கு ஒரே ஒரு தடவை, ஒன்பதாம் பாரில். உச்சியைத் தொட்டு நாலே பாரில் பதினொரு சுரம் இறங்கி வீடு வந்து சேர்கிறது பாட்டு. மூன்று கார்டுதான், மறுக்கவில்லை. முதல் இரண்டு பாரும் கார்டே மாறாமல் நிற்கின்றன. அந்த நிலைத்த அடிச்சுரமும் இந்தத் தாளமும் கிறிஸ்துமஸ் இசைக்குப் பழைய சொந்தம். இத்தாலிய மேய்ப்பர்கள் பண்டிகைக்கு ஊதிவந்த பைக்குழல் இப்படித்தான் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்கும். அந்த இடத்தில் "வெறுமையாக இருக்கிறதே" என்று மைனர் கார்டு செருகும் கீபோர்டு தம்பிகளே, தயவுசெய்து வேண்டாம். தம்புராவை நிறுத்திவிட்டு ஆலாபனை செய்வது போல் இருக்கிறது.

இனி, எங்கே கெடுகிறது?

சுருதியில் முதல் சறுக்கல். ஆரம்பம் நடுவில், சுகமாக இருப்பதால், அந்த முதல் பஞ்சமம் (ப) வாய்க்குப் பொருந்துகிறதா என்று பார்த்துச் சுருதி பிடிக்கிறார்கள். மேலேயும் கீழேயும் உள்ள கஷ்டம் இரண்டும் கடைசி நாலு பாரில் ஒளிந்திருக்கிறது. ஒன்பதாம் பாரில் கிறீச்சென்று கத்தல், பன்னிரண்டில் காற்று மட்டும். சுருதி பிடிக்கும்போது கடைசி அடியைத்தான் பாடிப் பார்க்க வேண்டும். சபை முழுக்கச் சேர்ந்து பாட 6½ கட்டை பொருந்தும். அதிலும் ஆண்களில் மேல்குரல்காரர்களுக்குக் கடைசி சட்ஜம் (ச) தரை தட்டும், அவர்கள் அங்கே மெதுவாக முனகினாலே போதும். பெண்களும் பிள்ளைகளும் மட்டும் என்றால் 1 கட்டை. மோரின் 2 கட்டை தேர்ந்த தனிக்குரலுக்கு. கிட்டார் என்றால் 2 கட்டைக்கு டி, ஜி, ஏ கார்டுகள் அப்படியே. 6½-க்கு மூன்றாம் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு ஜி, சி, டி.

அடுத்தது தாளம். 6/8-இல் பாருக்கு இரண்டே தட்டு, ஒவ்வொன்றுக்கும் உள்ளே மூன்று. அதை ஆறாக எண்ணுகிறவர் கையில் பாட்டு செத்துவிடும். கீபோர்டில் மூன்று தட்டு வால்ட்ஸ் ஸ்டைலை (தானாக ஓடும் தாளம்) தட்டிவிட்டால் இன்னும் மோசம். 12 பார் 24 பாராகி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு "தொம்" விழும். ஸ்டைலே போடாதீர்கள். கிட்டாரில் கட்டைவிரல் முதல் எண்ணுக்கும் நாலாம் எண்ணுக்கும், மற்ற விரல்கள் இடையில் உள்ளவற்றுக்கு. எல்லாக் கம்பியையும் சேர்த்து வீசும் ஸ்ட்ரம்மிங் வேண்டவே வேண்டாம்.

வேகத்தைக் கணக்காகவே போட்டுவிடலாம். நிமிடத்துக்கு 48 தட்டு வைத்தால் 24 தட்டுச் சரணம் 30 விநாடி. ஆறு சரணமும் சரியாக 3 நிமிடம். மெழுகுவத்தி ஆராதனையில் நாம் பாடுகிற வேகம் 30 தட்டுக்கு வந்துவிடுகிறது. ஒரு சரணம் 48 விநாடி, மூன்றே சரணத்துக்கு கிட்டத்தட்ட இரண்டரை நிமிடம். இன்னும் அரை நிமிடம் சேர்த்தால் முழுப் பாட்டையும் அதன் சொந்த வேகத்தில் பாடி முடித்திருக்கலாம். மூச்சும் இங்கேதான் போகிறது. கடைசி இரண்டு பாரை ஒரே மூச்சில் பாட 48-இல் 5 விநாடி போதும். 30-இல் 8 விநாடி. நடுவில் எல்லாரும் மூச்செடுப்பார்கள், அதுவும் "ஹெவன்" என்று ஒரு பக்கம், "லி பீஸ்" என்று ஒரு பக்கம்.

வாத்தியம் இல்லாமல் பாடும் கொயர் மூன்று சரணம் முடிக்கும்போது அரைக் கட்டை இறங்கியிருப்பதும் இதனால்தான். "ப த ப க" சரணத்துக்கு நாலு தடவை, மூன்று சரணத்தில் பன்னிரண்டு தடவை. பஞ்சமத்திலிருந்து காந்தாரத்துக்கு இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் மயிரிழை அதிகமாக இறங்கினாலே சேர்ந்துவிடும். காந்தாரத்தை இறங்குகிற சுரமாக நினைக்காமல் மேலே வைக்கிற சுரமாக நினைத்துப் பாடச் சொன்னால் பாதி சரியாகும். மீதியை வேகம் பார்த்துக்கொள்ளும்.

தமிழில் பாடும்போது கூடுதலாக ஒரு சிக்கல், சந்தம். முதல் நாலு பாரிலும் அசைகளின் அளவு 2, 1, 3. ஆறாம், எட்டாம் பாரில் 1½, ½, 1, 3. யாப்பு படித்தவர்கள் "கூவிளம்" என்று முதல் பாரிலும், "கூவிளங்காய்" என்று ஆறாம் பாரிலும் வைத்துப் பாடிப் பாருங்கள். அச்சில் வார்த்ததுபோல் உட்காரும். கூ நெடில், வி குறில், ளம் ஒற்றில் முடிந்து மூன்று எண்ணும் ரீங்கரிக்கும். இந்த இடத்தில் குறிலில் தொடங்கும் சொல்லைப் போட்டால் மெட்டு அதை இழுத்து நெடிலாக்கிவிடும். மலை மாலையாகும், படு பாடாகும். ஆங்கிலத்தில் அசை நீண்டாலும் சொல் மாறாது, தமிழில் சொல்லே வேறாகிவிடும். மெட்டுக்கு மொழிபெயர்க்க உட்காருகிறவர்கள் பொருளைத் தேடும் முன் இந்த அளவைத் தேடினால் நல்லது.

மொழிபெயர்ப்பு என்றதும் எனக்கு இருக்கிற பெரிய மனத்தாங்கலுக்கு வருகிறேன். நாம் ஆங்கிலத்தில் பாடுவது ஜான் ஃபிரீமன் யங் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1859-இல் வெளியிட்டது. ஆறு சரணத்தில் மூன்றை எடுத்தார்: ஒன்று, ஆறு, இரண்டு, அந்த வரிசையில். நல்ல கைதான், ஓசை பிரமாதம். ஆனால் ஜெர்மனில் முதல் சரணம் சொல்வது: எல்லாரும் உறங்குகிறார்கள், அந்த ஒட்டுறவான புனிதத் தம்பதி மட்டும் தனியே விழித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் கன்னித்தாயும் பிள்ளையும் மட்டும் மிஞ்சினார்கள். சூசையப்பர் காணாமல் போனார். பிள்ளைக்கு இருந்த சுருட்டை முடியும் போனது. ஊர் தூங்குகிறது, இரண்டு பேர் கண் விழித்துக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற வீட்டுக் காட்சி, பொதுவான ஓர் அமைதியாகவும் ஒளியாகவும் கரைந்துவிட்டது. தொட்டில் பாட்டு என்று ஏளனம் செய்கிறவர்கள் பார்ப்பது இந்தக் கரைசலை.

விட்டுப்போன மூன்றில் ஐந்தாவதை விட்டதற்கு நான் சண்டைக்கு வரமாட்டேன், அது இறையியல் பாடம். நான்காவதை விட்டது அநியாயம். அதன் கருத்து இது: தந்தையின் அன்பு தன் வல்லமை முழுவதையும் இன்று பொழிந்த இரவு, உலகத்து மக்களினங்களை எல்லாம் இயேசு ஒரு சகோதரனாக அணைத்துக்கொண்ட இரவு. எழுதிய வருடம் 1816 என்பதோடு சேர்த்துப் படியுங்கள். நெப்போலியன் போர்கள் அப்போதுதான் ஓய்ந்திருந்தன. தனி ஆட்சியாக இருந்த சால்ஸ்பர்க் பல கை மாறி, பவேரியாவிடம் இருந்து, அந்த வருடம்தான் ஆஸ்திரியாவுக்குப் போனது. ஓபர்ன்டார்ஃபும் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த லாவுஃபனும் ஒரே ஊராக இருந்தவை; சால்சாக் ஆறே எல்லைக்கோடானதில் இரண்டு நாடாகப் பிரிந்தன. இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை முந்தின வருடம் வெடித்ததன் விளைவாக அந்த வருடம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை, விளைச்சல் போயிற்று. அந்த நேரத்தில் ஒரு சின்ன ஊர்க் குருவானவர் "மக்களினங்கள்" என்று பன்மையில் எழுதுகிறார். சமாதானப் பாட்டு என்று உலகமே கொண்டாடுகிறது, சமாதானம் இருக்கிற சரணத்தை மட்டும் பெரும்பாலும் யாரும் பாடுவதில்லை.

ஆக, இந்தப் புகழுக்குத் தகுதி உண்டா? மெட்டுக்கு முழுத் தகுதி உண்டு. 12 பாரில் இவ்வளவு சிக்கனமாக ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் வைத்த கிறிஸ்துமஸ் பாட்டு எனக்கு வேறு தெரியாது. கவிதைக்கும் உண்டு, ஆறும் சேர்த்தால். மூன்று சரணத்தை 30 தட்டில் இழுக்கிற நம் வழக்கத்துக்கு இல்லை. அதைக் கேட்டுத் தூங்கினவர்மேல் குற்றமே கிடையாது.

இந்த வருடம் கொயர் நடத்துகிறவர்கள் ஒன்று செய்து பாருங்கள். பெரிய ஏற்பாடு வேண்டாம். இரண்டு குரல், மேல்குரல் ஒன்று, அதற்குக் கீழே மூன்றாம் சுரம், ஆறாம் சுர இடைவெளியில் ஒன்று. ஒரே ஒரு நைலான் கம்பி கிட்டார். கீபோர்டை அணைத்துவிடுங்கள், பின்னணியில் நீளமாக நிற்கும் பேட் ஒலிகூட வேண்டாம். 48 தட்டு. ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு என்று நாலு சரணம், இரண்டு நிமிடம். நான்காவதற்குத் தமிழ் இல்லையென்றால் யாராவது எழுதுங்கள்; அளவு மேலே இருக்கிறது. கொயர் கடைசி அடியில் மட்டும் சேரட்டும். முடிவில் வேகத்தைக் குறைக்கவே குறைக்காதீர்கள், கீழ் சட்ஜத்தில் மூன்று எண்ணி விட்டுவிடுங்கள்.